வாசலோடு நின்றுவிடாமல் உள்ளே வாருங்கள்

மாலையில் மணி அடித்ததும் எங்கள் பள்ளியின் இரும்புக் கேட்டுக்கு வெளியே, பூவரச மரத்தின் நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நிற்பார்கள். சிலர் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார்கள்; சிலர் வயலிலிருந்து நேராக வந்திருப்பார்கள், கணுக்காலில் சேறு காய்ந்திருக்கும்; சிலருடைய இடுப்பில் கைக்குழந்தை இருக்கும். பிள்ளை வெளியே வந்தவுடன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, “பெரிய டீச்சர், புள்ள ஒழுங்காப் படிக்குதா?” என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை கையைப் பிடித்து இழுக்க, அவர்கள் சிரித்துக்கொண்டே நடந்துவிடுவார்கள். ஒன்பது ஆண்டுகளாக இந்தத் தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக இருக்கிறேன். தானாக அந்தக் கேட்டைத் தாண்டி வந்து, தன் பிள்ளை வகுப்பில் எந்த இடத்தில் உட்காருகிறது, எந்தப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது என்று பார்த்த பெற்றோரை விரல் விட்டு எண்ணிவிடலாம். கூட்டம் என்று அழைத்தால் வருவார்கள், பதிவேட்டில் கையெழுத்திடுவார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இவ்வாண்டு, 2025இல், ஜூலையிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் நடக்க இருப்பவற்றைப் பற்றியும், பள்ளி திறந்த இந்த ஒரு மாதத்தில் நடந்தவற்றைப் பற்றியும் எங்கள் ஊர்ப் பெற்றோருக்கும், வேலை தேடி வெளியூர்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றிருக்கும் தந்தையருக்கும், இப்பள்ளியில் படித்துச் சென்றவர்களுக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது. தெருவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லக்கூடிய செய்திகள் இவற்றில் சில உண்டு. நிதானமாக எழுதித்தான் சொல்ல முடியும் என்பவையே மிகுதி.

திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில், வெண்ணாற்றுப் பாசன நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கும் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஜூன் 2 அன்று திறக்கப்பட்டது. ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 47 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆசிரியர்கள் என்னையும் சேர்த்து இருவர். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பதே கணக்கு. எனவே ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை என் சக ஆசிரியையும் நான்கு, ஐந்தாம் வகுப்புகளை நானும் பார்த்துக்கொள்கிறோம். அவர் பயிற்சிக்குச் செல்லும் நாட்களில் ஐந்து வகுப்பும் என்னுடையது. ஒன்றாம் வகுப்பில் இம்முறை எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஆறு பேர் அங்கன்வாடியிலிருந்து வந்தவர்கள் என்பதால் முதல் நாளே சுவரில் இருந்த யானைப் படத்தை உரிமையோடு தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும் மூன்று நாள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதது. நான்காம் நாள், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அதன் அண்ணன் தன் சிலேட்டை எடுத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் தங்கையின் பக்கத்தில் போய் அமர்ந்துகொண்டான். நான் அவனை அழைக்கவில்லை. அவன் இரண்டு நாள் அங்கேயே இருந்தான். மூன்றாம் நாள் அந்தக் குழந்தையே, “நீ போய்ப் படி” என்று அவனை அனுப்பிவிட்டது.

இந்த ஒரு மாதத்தில் என்னிடம் வந்த ஒரு வருத்தத்தைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய், “எம்புள்ள மூணாங் கிளாசு, அதப் போயி ஒண்ணாங் கிளாசுப் புள்ளைங்களோட உக்கார வச்சு அதே பாடத்தச் சொல்லித் தர்றீங்களே” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் எழுத்தையும் எண்ணையும் இழந்ததைக் கண்டு, 2022ஆம் ஆண்டில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். எழுத்தை அடையாளம் காணத் தடுமாறும் பிள்ளையை அரும்பில் வைக்காமல் நேரே மூன்றாம் வகுப்புப் பாடத்திற்கு இழுத்துச் சென்றால், அது வாய்ப்பாடமாக ஒப்பித்துவிடும். எழுத்தைக் காட்டிக் கேட்டால் திருதிருவென விழிக்கும். நாற்றங்காலில் வேர் பிடிக்காத நாற்றை அவசரப்பட்டுப் பறித்து நட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் தெளியவில்லை. மறுநாள் காலை அரை மணி நேரம் வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்காருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வந்தார். அவருடைய மகள் அட்டைகளை வரிசைப்படுத்தி ‘படகு’, ‘கடல்’, ‘மடல்’ என்று தானாகவே சேர்த்துப் படித்ததைக் கேட்டார். போகும்போது ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று முதல் வீட்டில் மளிகைப் பொட்டலத்துக் காகிதத்தைக்கூட மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதாகப் பிள்ளை வந்து சொன்னது. நான் பேசிய ஒரு மணி நேரப் பேச்சு செய்யாததை அந்த அரை மணி நேரம் செய்தது. வாசலிலேயே நின்றுவிடாதீர்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

இனி, வரவிருக்கும் நாட்கள்.

ஜூலை 15 காமராசர் பிறந்த நாள். 1903இல் விருதுநகரில் பிறந்தவர். 2006ஆம் ஆண்டு முதல் அந்நாளைத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன. அன்று காலை பத்து மணிக்குப் பிள்ளைகளின் பேச்சு, பாட்டு, சிறு நாடகம் இருக்கும். நாடகத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாமே எழுதியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கும் சிறுவனை ஒரு பெரியவர் நிறுத்தி, ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்க, அவன் சோற்றைப் பற்றித் திருப்பிக் கேட்கும் காட்சி அதில் இருக்கிறது. ஆடாக நடிக்க ஒன்றாம் வகுப்பினர் எட்டுப் பேரும் போட்டி போட்டதால் எட்டு ஆடுகளும் மேடையில் இருக்கும்.

சோறு என்பது எங்கள் பள்ளியில் பாடப்புத்தகத்துச் செய்தி அல்ல. கடைமடையில் நிலத்தடி நீர் உப்பு. அதனால் எங்கள் பக்கத்தில் குறுவை என்னும் குறுகிய கால நெல் பெரும்பாலும் இல்லை, சம்பா ஒரு போகம்தான். ஜூன், ஜூலை மாதங்களில் பம்புசெட் உள்ள மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து ஊர்களில் குறுவை நடவு நடக்கும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் அங்கே நடவுக்குப் போகிறார்கள். வேன் காலை ஆறு மணிக்கு வந்துவிடும். தாய் ஐந்து மணிக்கு எழுந்து சோறு வடித்து வைத்துவிட்டுப் போனாலும், ஏழு வயதுப் பிள்ளை எழுந்து தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு வருமா? முன்பெல்லாம் இந்த மாதங்களில் பத்தரை மணி வாக்கில் வகுப்பில் பிள்ளைகள் சுருண்டு படுப்பார்கள். வயிறு வலிக்கிறது என்பார்கள். “காலையில என்ன சாப்பிட்ட?” என்று கேட்டால், “அம்மா நாத்து பறிக்கப் போயிருக்கு” என்பதுதான் பதிலாக வரும். அது என் கேள்விக்கான விடைதான் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

காமராசர் 1956இல் மதிய உணவைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் 25 அன்று, நம் டெல்டாவிலேயே, திருக்குவளையில் நடந்த விழாவில் அது மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. எங்கள் பள்ளிக்கும் அந்த நாளில்தான் வந்தது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் மாறி மாறி வருகின்றன. சமைப்பவர்கள் எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள். தன் பிள்ளை சாப்பிடும் வட்டிலில் பரிமாறும் கைக்குத் தனிக் கவனம் உண்டு. நடவு வேன் ஏறிப் போகும் தாய்மார்கள் இப்போது பிள்ளையைப் பாட்டியிடம் ஒப்படைத்து, எட்டு மணிக்குப் பள்ளியில் விட்டுவிடச் சொல்லிப் போகிறார்கள். பத்தரை மணிக்குச் சுருண்டு படுக்கும் பிள்ளை இவ்வாண்டு ஜூனில் ஒன்றுகூட இல்லை. இதை நான் எந்தக் கட்சியின் மேடைக்காகவும் சொல்லவில்லை. வகுப்பறையில் நின்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். ஜூலை 15 அன்று வருகிறவர்கள் காலை எட்டு மணிக்கே வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த உணவைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். உப்பு குறைவாக இருந்தால் அங்கேயே சொல்லலாம். சமைப்பவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள்.

அடுத்த நாள் ஜூலை 16. அந்த நாளைப் பற்றி எழுத எனக்குச் சற்றுக் கடினமாகவே இருக்கிறது.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. நான் ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்துக் கீற்றுக் கூரையில் பற்றிய தீ, மாடியில் கீற்று வேய்ந்திருந்த வகுப்பறைகளுக்குத் தாவியது. இறங்கி வருவதற்குக் குறுகலான படி. 94 குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகள். அன்று மதியம் எங்கள் விடுதியில் வானொலியைச் சுற்றி அறுபது பெண்கள் நின்றோம், யாரும் பேசவில்லை. இன்னும் சில மாதங்களில் சிறு பிள்ளைகளின் முன்னால் போய் நிற்கப்போகிறவர்கள் நாங்கள். மறுநாள் பாட ஆயத்தம் எழுத உட்கார்ந்தபோது என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை எந்த வகுப்பறைக்குள் நுழைந்தாலும் முதலில் கதவு எத்தனை, அது எந்தப் பக்கம் திறக்கிறது என்றுதான் என் கண் பார்க்கிறது. அந்தப் பெற்றோர் ஒவ்வோராண்டும் அந்த நாளில் பிள்ளைகளின் படங்களுக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி நிற்கிறார்கள். பிள்ளைகள் இருந்திருந்தால் இப்போது முப்பதை நெருங்கியிருப்பார்கள்.

அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன, விதிகள் வந்தன, சான்றிதழ்கள் வந்தன. விதி எழுதப்பட்டிருப்பதும், அது ஒரு குறிப்பிட்ட பள்ளியில் ஒரு குறிப்பிட்ட காலை நேரத்தில் உண்மையாக இருப்பதும் வேறு வேறு என்று எனக்குத் தோன்றும். அதனால் எங்கள் பள்ளியில் ஜூலை 16 அன்று விழா எதுவும் வைப்பதில்லை. காலை வழிபாட்டில் இரண்டு நிமிடம் அமைதியாக நிற்போம். பிறகு பள்ளியைச் சுற்றிப் பார்ப்போம். இவ்வாண்டு அந்தச் சுற்றிப் பார்த்தலைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோரும், விருப்பமுள்ள மற்றப் பெற்றோரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். சமையற்கூடத்தில் அடுப்புக்கும் சிலிண்டருக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாயில் அச்சிடப்பட்டிருக்கும் ஆண்டைப் படித்துப் பாருங்கள். ஐந்தாண்டு கடந்திருந்தால் மாற்ற வேண்டும். தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். மணல் வாளிகளில் மணல்தான் இருக்கிறதா, அல்லது பிள்ளைகள் கொட்டாங்கச்சியும் கூழாங்கல்லும் போட்டு நிரப்பியிருக்கிறார்களா என்று கையை விட்டுப் பாருங்கள். மின் பலகையின் பின்னால் மழைநீர் கசிந்த தடம் இருக்கிறதா, வகுப்பறைக் கதவை மறித்துப் பழைய பெஞ்சு கிடக்கிறதா என்று பாருங்கள். தீயணைப்பு நிலையத்திலிருந்து வீரர்கள் வந்து கருவியைப் பயன்படுத்திக் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சமைக்கும் பெண்களும் ஒருமுறை தம் கையால் அதை இயக்கிப் பார்ப்பார்கள். நான் ஒருத்தி நாள்தோறும் பார்ப்பதால் என் கண்ணுக்குப் பழகிப்போன குறைகள் புதிதாக வருகிறவர் கண்ணில் உடனே படும்.

பள்ளி மேலாண்மைக் குழு என்பது யாரோ சிலருக்கான பதவி என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சென்ற ஆண்டு எங்கள் குழு புதிதாக அமைந்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தோம். எங்கள் குழுவின் தலைவராக இருப்பவர் நடவுக்குப் போகும் ஒரு தாய். முதல் கூட்டத்தில் நாற்காலியில் உட்காரவே தயங்கியவர், நான்காவது கூட்டத்தில் கழிப்பறைக் குழாய் ஏன் இன்னும் சரிசெய்யப்படவில்லை என்று தீர்மானப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டி என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியால் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை அவரிடமே சொன்னேன். குழாய் இப்போது சரியாகிவிட்டது.

நெருப்பைப் பற்றிச் சொன்னேன். தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வாண்டு மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டு, ஜூன் 15இல் கல்லணையும் திறக்கப்பட்டது. ஜூன் மாத முடிவில் மேட்டூர் அணை 120 அடியை எட்டி நிரம்பிய செய்தியைப் பிள்ளைகளே கரும்பலகையில் எழுதி வைத்தார்கள். கல்லணையிலிருந்து வெண்ணாற்றில் வரும் தண்ணீர் நீடாமங்கலத்தின் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, முறை வைத்து, எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது ஊரே மதகடியில் நிற்கிறது. ஒரு வருடம் முழுதும் காத்திருந்த தண்ணீர். பிள்ளைகளை அதனிடமிருந்து தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் கோடையில் தூர்வாரிய வாய்க்காலின் ஆழம் சென்ற ஆண்டுப் பிள்ளை அறிந்த ஆழமாக இருக்காது. முழங்கால் அளவு என்று நினைத்து இறங்கும் இடத்தில் இப்போது கழுத்தளவு இருக்கலாம். மதகின் கீழே தண்ணீர் சுழித்து இழுக்கும் இடத்தில் நீச்சல் தெரிந்தவர்களும் தடுமாறுவார்கள். ஆகவே மதகிலும் ஷட்டர் உள்ள இடங்களிலும் பிள்ளைகள் குளிக்கக் கூடாது, பெரியவர் துணையில்லாமல் படித்துறையில் இறங்கக் கூடாது, ஒருவர் தத்தளித்தால் குதிக்காமல் கயிற்றையோ துண்டையோ மூங்கிலையோ வீசிவிட்டுக் கூச்சலிட வேண்டும் என்று வகுப்புதோறும் சொல்லி, நடித்தும் காட்டியிருக்கிறோம். வீட்டிலும் ஒருமுறை சொல்லுங்கள். முடிந்தால் அப்பாவோ தாய்மாமனோ பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். ஆற்றோரத்தில் பிறந்த பிள்ளைக்கு அது எழுத்தறிவைப் போன்றே தேவையானது.

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப்பெருக்கு. விடுமுறை நாள் என்பதால் பள்ளியில் நிகழ்ச்சி இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பிற்பகலில் பிள்ளைகள் சப்பரம் செய்வார்கள். சக்கரம், மூங்கில் பட்டை, வண்ணக் காகிதம் எல்லாம் வீட்டிலிருந்து வரும். நான் சிறுமியாக இருந்தபோது சக்கரத்துக்குப் பனங்காய் கிடைத்தது. இப்போது மருந்துப் புட்டியின் மூடியைக் கொண்டுவருகிறார்கள். சப்பரத்தின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து எழுதுவது நான்காம் வகுப்பின் கணக்குப் பாடமாகவும், காப்பரிசி எப்படிச் செய்வது என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வருவது தமிழ்ப் பாடமாகவும் அமையும். பாட்டிமார்கள் யாரேனும் அன்று வந்து நேரில் சொன்னால் இன்னும் நல்லது. சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பதை மேலே சொன்னதோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றச் செய்திகள் சுருக்கமாக. பாடநூல்களும் குறிப்பேடுகளும் பள்ளி திறந்த அன்றே கொடுக்கப்பட்டுவிட்டன. சீருடையில் முதல் இணை வந்துவிட்டது, அளவு பொருந்தாதவர்கள் இந்த வாரமே சொல்ல வேண்டும். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார்கள் என்பதால் பள்ளிகளில் இப்போது தண்ணீருக்கென்று தனி மணி அடிக்கிறோம்; எனவே பையில் தண்ணீர்ப் புட்டி கட்டாயம் இருக்கட்டும், எவர்சில்வராக இருந்தால் நல்லது. ஆகஸ்டில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கப்படும்; அல்பெண்டசோல் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு மென்று விழுங்க வேண்டும், காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு அன்று கொடுக்க மாட்டோம், எனவே மறைக்காமல் சொல்லுங்கள். நடமாடும் மருத்துவக் குழு வரும் தேதி தெரிந்தவுடன் தெரிவிப்பேன். சென்ற முறை அவர்கள் பார்த்த பிறகுதான் இரண்டு பிள்ளைகள் கரும்பலகையைக் கண் சுருக்காமல் படிக்கிறார்கள். ஆகஸ்ட் 15 காலை கொடியேற்றம் முடிந்ததும் கிராம சபை கூடும். பள்ளியின் பின்புறச் சுற்றுச்சுவர் பற்றிய கோரிக்கையை அங்கே வைக்க இருக்கிறோம். கையெழுத்து மட்டும் போதாது, ஆள் வந்து எழுந்து பேச வேண்டும்.

இந்த ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் எங்கள் பள்ளிக்குள் வந்தது ஒருமுறைதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்திற்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த அந்த இரவில், கூரை வீடுகளில் இருந்த அத்தனை குடும்பங்களும் இந்த இரண்டு வகுப்பறைகளில்தான் இருந்தன. ஒன்றாம் வகுப்புச் சுவரில் இருந்த எழுத்து அட்டைகளின் கீழே கிழவிகள் படுத்திருந்தார்கள். விடிந்து வெளியே வந்தபோது தென்னந்தோப்புகள் எல்லாம் தலைசாய்ந்து கிடந்தன. வாசலில் நின்ற பூவரசும் பாதியில் முறிந்திருந்தது. அதை வெட்டிவிடலாம் என்றார்கள். வேண்டாம், துளிர்க்கும் என்று ஒரு பெரியவர் தடுத்தார். இன்று மாலையில் நீங்கள் நின்று பிள்ளைகளுக்காகக் காத்திருப்பது அவர் காப்பாற்றிய நிழலில்தான். ஆபத்தில் ஓடி வந்த அந்தக் கேட்டுக்குள், சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையிலும் வரலாம்.

சென்ற வாரம் ஜூலை 16க்கு ஆயத்தமாக ஒரு பயிற்சி செய்து பார்த்தோம். மணியை நிறுத்தாமல் அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் பையைத் தொடாமல், வரிசையாக வெளியே வந்து பூவரசின் அடியில் நிற்க வேண்டும். மணி தொடங்கியதிலிருந்து கடைசிப் பிள்ளை வரும்வரை ஐந்தாம் வகுப்பினர் உரக்க எண்ண வேண்டும். முதல்முறை 140 வரை எண்ணிவிட்டார்கள். காரணம், இரண்டாவது வகுப்பறையின் பின்கதவு துருப்பிடித்துத் திறக்கவில்லை. 47 பேரும் ஒரே கதவு வழியாக வந்தார்கள். நானும் அந்தக் கதவைப் பல மாதங்களாகத் திறந்து பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அது என் தவறு. அன்று மாலை வாசலில் நின்றிருந்தவர்களிடம் இதைச் சொன்னேன். வெல்டிங் வேலை செய்யும் ஒரு தந்தை, மகனைப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே வந்தார். கீலைக் கழற்றினார், மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைச் சுரண்டினார், உள்பக்கம் திறந்த கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டினார். முடிக்கும்போது இருட்டிவிட்டது. அதன் பிறகு கைவிளக்கை அடித்து, சுவரில் மகனுடைய பெயர் எழுதிய அட்டையைத் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் மீண்டும் மணி அடித்தோம். பிள்ளைகள் இரண்டு கதவுகள் வழியாகவும் வந்தார்கள். 62 எண்ணும்போது கடைசிப் பிள்ளை மரத்தடிக்கு வந்துவிட்டது. போதும் என்று நான் கையைக் காட்டியும், முதல் மூன்று நாள் அழுத அந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தை மட்டும் நிறுத்தவில்லை. அண்ணன்மார் சொன்னதைப் பின்தொடர்ந்து, இடையில் சில எண்களை விட்டுவிட்டு, நூறு வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போனது.